ஆறு வரும் நாள்

கோடை எப்போது முடிகிறது என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை வைத்திருக்கிறார்கள். பஞ்சாங்கம் பார்ப்பவர், வைகாசி நடுவில் அக்கினி நட்சத்திரம் கழிந்ததும் கோடை தணிந்தது என்பார். பள்ளி மாணவர்களுக்கோ, விடுமுறை தீர்ந்து முதல் மணி அடிக்கும் காலையிலேயே அது முடிந்துவிடுகிறது. வானிலை அறிஞர், ஜூன் முதல் நாளை ஒட்டிக் கேரளக் கரையில் தென்மேற்குப் பருவமழை இறங்குவதைச் சுட்டிக்காட்டுவார். என் பாட்டியிடம் கேட்டால் இரண்டே சொற்களில் பதில் வரும்: "ஆறு வரட்டும்."

எங்கள் ஊர், திருவையாற்றுக்குக் கிழக்கே காவிரிக் கரையில் உள்ள ஒரு சிற்றூர். அங்கே ஆறு ஓடுகிறது என்று யாரும் சொல்வதில்லை. ஆறு வருகிறது, பிறகு போகிறது. வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் மூத்த மகனைப் பற்றிப் பேசுவது போலத்தான் ஆற்றைப் பற்றியும் பேசுவார்கள். இதில் கற்பனை ஒன்றும் இல்லை. 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு ஏற்பட்ட வழக்கப்படி, பாசனத்திற்காக அணை ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படும். ஜனவரி 28ஆம் நாள் மூடப்படும். ஆகவே தை மாதத்தில் விடைபெறும் ஆறு, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய நான்கு மாதங்கள் முகம் காட்டாமல் இருந்து, வைகாசி கடைசியிலோ ஆனி முதலிலோ திரும்பி வரும். இடைப்பட்ட அந்த நாள்களில் ஆறு இருந்த இடத்தில் மணல் இருக்கும்.

அந்த மணலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். 1960களில், கோடை விடுமுறையின் கடைசி வாரங்களில், நிலவு உள்ள இரவுகளில் எங்கள் வீட்டார் அனைவரும் ஆற்று மணலுக்குச் சாப்பிடப் போவார்கள். இதைப் பயணம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். வீட்டின் கொல்லைக் கதவைத் திறந்து, தென்னந்தோப்பைக் கடந்தால் கரை. முந்நூறு அடி தூரம் இருக்குமோ என்னவோ. ஆயினும் அந்த முந்நூறு அடிக்காகப் பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஏற்பாடு நடக்கும். பாட்டி பெரிய கல்சட்டியில் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொள்வார். அத்தை பாயைச் சுருட்டிக்கொள்வார். சித்தப்பா ஒரு லாந்தரைக் கொண்டுவந்து, நிலவு போதும் என்று அணைத்துவிடுவார். நாங்கள் ஏழெட்டுக் குழந்தைகள் பாட்டியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து கையை நீட்டினால், உள்ளங்கையில் ஓர் உருண்டை சோறும் அதன் நடுவில் கட்டைவிரலால் பதித்த குழியில் கொஞ்சம் குழம்பும் விழும். யார் எத்தனை உருண்டை உண்டார்கள் என்ற கணக்கு மறுநாள் காலை வரை ஓடும்.

உண்ட பிறகு ஊற்றுத் தோண்டுவோம். அந்த மணலில் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு ஒரு வியப்பான செய்தி தெரிந்திருக்கும். மேற்பரப்பு குளிர்ந்திருக்கும். ஒரு சாண் கீழே போனால் வெதுவெதுப்பாக இருக்கும். முழங்கை அளவு போனால் மறுபடியும் குளிர்ச்சி, விரல்நுனியில் ஈரம். உலர்ந்த மணல் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. பகலில் மேற்பரப்பு கொதித்தாலும், சூரியன் மறைந்ததும் அது தன் வெப்பத்தை வானத்திற்கு விரைவாக இழந்துவிடுகிறது. பகல் முழுவதும் மெல்ல மெல்ல உள்ளே இறங்கிய சூடு மட்டும் ஒரு சாண் ஆழத்தில் தங்கி நிற்கிறது. அதற்கும் கீழே வெயிலின் கை எட்டுவதில்லை. அங்கேதான் ஆறு ஒளிந்துகொண்டிருக்கிறது. ஆற்று மணலின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மணிகளுக்கு இடைப்பட்ட வெற்றிடம். தையில் போன ஆறு, அந்த இடுக்குகளில் எல்லாம் தன் நீரை விட்டுவிட்டுத்தான் போகிறது. நாங்கள் தோண்டிய குழியில் சற்று நேரத்தில் நீர் சுரந்து நிற்கும். முதலில் கலங்கல், அதைக் கொட்டாங்கச்சியால் இரண்டு மூன்று முறை இறைத்துக் கொட்டினால் தெளிந்த நீர் ஊறும். அதன் சுவைக்கு இணையாக நான் பின்னாளில் எந்த ஊரிலும் நீர் அருந்தியதில்லை. பாட்டி அந்த நீரை ஒரு செம்பில் வீட்டிற்கு எடுத்துக்கொண்டு வருவார். இரவில் யாருக்கும் கொடுக்கமாட்டார். காலையில் முதல் காப்பிக்கு அதுதான் நீர்.

பின்னாளில் நான் புவியியல் ஆசிரியன் ஆனேன். வகுப்பில் நான் கேட்டு மாணவர்கள் திகைத்த கேள்வி ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் கேரளத்திற்கு வந்துவிடுகிறது. அப்படியானால் தஞ்சையில் ஆனி மாதத்திலும் ஏன் வெயில் கொளுத்துகிறது? விடை மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் காற்று மலைமீது ஏறும்போது குளிர்ந்து, தன் சுமையை மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது அதே காற்று வெப்பமடைந்து, வறண்டு, நம்மிடம் வந்து சேருகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்கிறோமே, அந்தக் காற்றுதான் இது. வேகம் உண்டு, ஈரம் இல்லை. குடகு நாட்டின் மடிக்கேரியில் ஓராண்டில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்வது வழக்கம். அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டுகிறது. தஞ்சைச் சமவெளியில் ஆண்டு முழுவதும் சேர்ந்தே ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையே பெய்வது. ஆகவே எங்கள் கோடையை முடித்துவைப்பது எங்கள் தலைக்கு மேலே உள்ள மேகம் அன்று. எங்கோ ஒரு மலைநாட்டில், நாங்கள் பார்த்திராத வீடுகளின் கூரைமேல் பெய்த மழை, 800 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் ஆற்றின் பெரும்பகுதியைக் கடந்து, எங்கள் கொல்லைக்கு வந்து கோடையை முடித்து வைக்கிறது. பாட்டி புவியியல் படித்தவர் அல்லர். ஆனால் "ஆறு வரட்டும்" என்று அவர் சொன்னதில் இவ்வளவும் அடங்கியிருந்தது.

மலைமீது விழுந்த துளி நேரே ஓடி வந்துவிடுவதில்லை. கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகரம், கபினி முதலிய அணைகளில் அது தங்கும். பிறகு பிலிகுண்டுலு வழியாகத் தமிழ்நாட்டிற்குள் நுழைந்து மேட்டூரில் தேங்கும். மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது ஏறத்தாழ 9,347 கோடி கன அடி நீர். இரு மாநிலங்களுக்கும் இடையே நீண்ட வழக்கின் கதையை இங்கே நான் எடுக்கப் போவதில்லை. அதற்குத் தனியாக ஒரு பேச்சு வேண்டும், என்னைவிடப் பொறுமைசாலியான ஒருவர் வேண்டும். மேட்டூரில் திறந்த நீர் மூன்று நான்கு நாள்களில் முக்கொம்பைக் கடந்து கல்லணைக்கு வரும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று அது பிரிந்துகொள்ளும். மிகுந்தால் கொள்ளிடம் வாங்கிக்கொள்ளும். கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கத்தில் இன்றும் புது ஆறு என்றுதான் சொல்கிறார்கள். அதற்குத் தொண்ணூறு வயது கடந்துவிட்டது.

கல்லணை திறந்த செய்தியை எங்கள் ஊருக்குக் கொண்டுவருபவர், பொதுப்பணித் துறையில் வாய்க்கால் காவலராக இருந்த ஒரு லஸ்கர். மிதிவண்டியில் கரையோரமாக மணி அடித்துக்கொண்டே வருவார். "திறந்தாச்சு" என்ற ஒரு சொல்லைத் தவிர அவர் வேறு ஒன்றும் சொல்லி நான் கேட்டதில்லை. அதன் பிறகு யாரும் மணலில் மாட்டைக் கட்டமாட்டார்கள். மணலில் வெள்ளரியும் தர்ப்பூசணியும் போட்டிருந்தவர்கள் மிச்சம் உள்ள காய்களைப் பறித்துக்கொள்வார்கள். அன்று மாலை நாங்கள் கடைசி முறையாக மணலுக்குப் போய் வருவோம். ஏதோ உறவினரை வழியனுப்பியது போல அனைவரும் கொஞ்சம் மௌனமாகத் திரும்புவோம். மறுநாள் விடிந்ததும் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நினைவில் இராது. ஆசிரியரும் எங்களை அதட்டியதில்லை; அவரே கரையில் நின்றுகொண்டிருப்பார்.

புதுத்தண்ணீர் பெரிய வெள்ளமாகப் பாய்ந்து வரும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மிகவும் தயங்கித் தயங்கித்தான் வரும். நான்கு மாதம் காய்ந்த மணல், வரும் நீரை எல்லாம் குடித்துக்கொண்டே இருப்பதால் நீரின் முனை ஒரு சிறு குழந்தை நடக்கும் வேகத்தில்தான் நகரும். முன்னால் ஒரு விளிம்பு நுரை. அதில் சருகு, சுள்ளி, தேங்காய் மட்டை, எறும்புப் புற்று, யாரோ எறிந்த பழைய கூடை. அந்த நுரைக்கு முன்னால் மணல் சிறுசிறு குமிழிகளை விட்டு "உஸ்" என்று ஓசை எழுப்பும். மணிகளுக்கு இடையே இருந்த காற்றை நீர் வெளியேற்றுவதால் எழும் ஓசை அது. மணல் மூச்சு விடுகிறது என்று நாங்கள் சொல்வோம். நுரைக்கு ஓர் அடி முன்னால் பின்பக்கமாக நடப்பதுதான் எங்கள் விளையாட்டு. நீர் காலைத் தொடக் கூடாது, தொட்டவன் தோற்றான். எத்தனை எச்சரிக்கையாக நடந்தாலும், ஒரு பள்ளத்தின் வழியாக நீர் வளைத்துக்கொண்டு வந்து பின்னாலிருந்து குதிகாலைத் தொட்டுவிடும். தோற்றதற்காக இவ்வளவு மகிழ்ந்த விளையாட்டு வேறொன்று எனக்குத் தெரியாது.

அப்போது எழும் ஒரு மணம் உங்களுக்கும் பழக்கமானதுதான். முதல் மழையில் மண்ணிலிருந்து கிளம்புகிறதே, அதே மணம். நான் அந்த மணலில் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1964ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு அறிவியலார் அந்த மணத்திற்குப் பெட்ரிகோர் என்று பெயர் இட்டார்கள். வறண்ட காலத்தில் செடிகொடிகளிலிருந்து வெளிப்படும் எண்ணெய்ப் பொருள்களைக் கல்லும் மண்ணும் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. ஈரம் பட்டதும் அவை காற்றில் கலக்கின்றன. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் அதனோடு சேர்கிறது. மிகமிகக் குறைந்த அளவில் இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். எங்கள் மாடுகளும் கண்டுகொள்ளும் என்று என் தந்தை சொல்வார். நீர் வரும் நாள் காலையில் அவை மேற்குப் பக்கம் திரும்பி நிற்கும் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் முழு நம்பிக்கை ஏற்பட்டதில்லை.

தந்தை எங்களோடு நுரைக்கு முன்னால் நடந்ததில்லை. அவருக்கு ஆறு மா நிலம் இருந்தது. மூன்று மா என்பது ஏறத்தாழ ஓர் ஏக்கர். அப்படியானால் இரண்டு ஏக்கர். நாற்றங்காலுக்கு விதைநெல் கட்டி வைத்துவிட்டு, வாய்க்காலின் மதகடியில் அவர் நின்றுகொண்டிருப்பார். குறுவைப் பயிருக்கு ஏறத்தாழ 110 நாள் வயது. ஜூன் நடுவில் நீர் வந்து, நாற்று விட்டு நட்டால், வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன் கதிர் அறுத்துக் களம் சேர்த்துவிடலாம். நீர் ஒரு மாதம் தாழ்ந்தால் அறுவடை ஐப்பசி மழையில் சிக்கும். கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிடும். ஜூன் 12 என்ற நாள் ஏன் அவ்வளவு முக்கியமானது என்பது இதிலிருந்து விளங்கும். எங்களுக்கு விளையாட்டாக வந்த அதே நீர், அவருக்குக் கடன் பத்திரத்தின் தவணையாக வந்தது. வீட்டில் உள்ள எந்த மகிழ்ச்சியும் அந்த மதகைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. இதை அறிந்துகொள்ள எனக்கு வெகு நாள் ஆயிற்று.

நீர் வந்து ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்து ஆடிப் பதினெட்டு வரும். ஆகஸ்டு 2 அல்லது 3ஆம் நாள். காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களில் பலரும் கல்கி 1950ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய பொன்னியின் செல்வனைப் படித்திருப்பீர்கள். அந்தக் கதை ஓர் ஆடிப் பதினெட்டில்தான், வீராணம் ஏரிக்கரையில் தொடங்குகிறது. மேட்டூர் அணைக்கு முந்தைய காலத்தில், ஆடி மாதத்தில் ஆறு இயற்கையாகவே நுரைத்துப் பெருகும். அந்தப் பெருக்கைக் கண்டு மகிழ ஏற்பட்ட விழா இது. காவிரித் தாய் கருவுற்று மசக்கையாக இருக்கிறாள், அவளுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துக்கொண்டு போக வேண்டும் என்று பெண்கள் சொல்வார்கள். காதோலை, கருகமணி, மஞ்சள் சரடு, நாவற்பழம், ஊறவைத்த அரிசியில் வெல்லம் கலந்த காப்பரிசி இவற்றை எல்லாம் வைத்துப் படைப்பார்கள். புதிதாக மணமானவர்கள் தங்கள் கல்யாண மாலைகளை அன்றுதான் ஆற்றில் விடுவார்கள்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது சோற்றைப் பற்றி. கலந்த சாதங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அவற்றுள் ஒரு நுட்பமான ஒழுங்கு இருக்கிறது. பாட்டி விடியற்காலை மூன்று மணிக்கு எழுவார். புளிக்காய்ச்சலை முதல் நாளே நல்லெண்ணெயில் காய்ச்சி வைத்திருப்பார். வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, ஆவி முழுவதும் அடங்கிய பிறகுதான் கலப்பார். சூட்டோடு மூடிவைத்தால் நீர் வியர்த்துச் சோறு கெடும். புளியின் அமிலத்தில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. ஆகவே புளியோதரை மாலை வரை தாங்கும். எள்ளுச்சாதம் அடுத்தபடி. எலுமிச்சைச் சாதம் அதற்கும் அடுத்தபடி. தேங்காய்ச்சாதம்தான் முதலில் ஊசிப்போகும். அதனால் கரைக்குப் போனதும் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். எனக்கு எள்ளுச்சாதம்தான் வேண்டும் என்று எந்தக் குழந்தை அழுதாலும் பாட்டி அசையமாட்டார். "தேங்காய் தீரட்டும்" என்பார். புளி சேர்ந்ததை ஈயம் பூசாத பித்தளையில் வைக்கமாட்டார், களிம்பு ஏறிவிடும். அதற்கென்று ஈயம் பூசிய அடுக்கு ஒன்று பரணில் இருந்தது. ஆண்டுக்கு ஒரு நாள்தான் அது கீழே இறங்கும்.

தயிர்ச்சாதம் தனிக் கலை. தயிரை ஊற்றிப் பிசைந்தால் நண்பகலுக்குள் புளித்து வாயில் வைக்க முடியாது. ஆகவே குழைந்த சோற்றில் காய்ச்சின பாலை ஊற்றி, ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்த்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடிவிடுவார். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் 40 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய வெப்பத்தில் நன்கு வேலை செய்கின்றன. காலை ஐந்து மணிக்கு மூடிய பாற்சோறு, கரையில் திறக்கும்போது சரியான பதத்தில் தயிர்ச்சாதமாகியிருக்கும். அன்றைய வெக்கையைப் பார்த்துக்கொண்டுதான் தயிரின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். வாசலில் வந்து நின்று, முகத்தில் காற்றை வாங்கிவிட்டு உள்ளே போவார். அவரிடம் இருந்த வெப்பமானி அதுதான்.

இவற்றோடு தொட்டுக்கொள்ள வைத்த பொருள்களைப் பாருங்கள். பங்குனியில் உப்பில் போட்ட மாவடு. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காய்ந்த வடாம், கொத்தவரை வற்றல், மோர்மிளகாய். அவற்றைக் காக்கைக்குக் கொடுக்காமல் காத்தவர்கள் நாங்கள்தாம். கறுப்புக் குடையும் ஒரு நீண்ட கழியும் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள். கோடை எங்களைப் படுத்திய பாட்டை எல்லாம் பாட்டி பாத்திரங்களில் அடைத்து வைத்திருந்து, ஆடிப் பதினெட்டில் எண்ணெயில் பொரித்துக் கொண்டுவந்தார் என்று சொல்லலாம்.

குழந்தைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு வருவார்கள். சிறிய மரச்சட்டம், நான்கு சக்கரம், காகிதத் தோரணம், நடுவில் ஒரு சாமி படம். என் ஒன்பதாம் வயதில், நான் செய்த சப்பரத்தைக் கரையின் சரிவில் விட்டுவிட்டேன். அது உருண்டு நேரே ஆற்றில் இறங்கிவிட்டது. சிறிது தூரம் நிமிர்ந்தபடியே மிதந்து, ஊர்வலம் போவது போலவே போயிற்று. நான் அழுதேன். அருகில் இருந்த தந்தை, "பூம்புகாரில் பிடித்துக்கொள்வார்கள், விடு" என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அபூர்வம். அந்த ஆண்டு படித்துறையின் பதினான்கு படிகளில் ஒன்பது படி நீரில் மூழ்கியிருந்தது. ஆறு எவ்வளவு வந்திருக்கிறது என்பதை அவர் அந்தப் படிகளை எண்ணித்தான் அறிவார். ஒன்பது படி மூழ்கினால் அம்மாவுக்குக் கரையில் வளையல் வாங்கித் தருவார். ஐந்து படி என்றால் கரைக்கு வருவார், கடைப்பக்கம் போகமாட்டார். அதற்கும் குறைந்தால் வயலில் வேலை இருக்கிறது என்று சொல்லி, விழாவுக்கே வரமாட்டார்.

இனி, எனக்கு அவ்வளவு எளிதாகச் சொல்ல வராத பகுதிக்கு வருகிறேன். 2012ஆம் ஆண்டிலிருந்து 2019ஆம் ஆண்டு வரை, எட்டு ஆண்டுகள் தொடர்ந்து, மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படவில்லை. இருப்பு போதவில்லை. குறுவையைப் பலர் கைவிட்டார்கள். சிலர் ஆழ்துளைக் கிணற்றை நம்பி நட்டார்கள். அந்த ஆண்டுகளுள் 2017 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவ்வாண்டில் அணை பாசனத்திற்குத் திறக்கப்பட்டது அக்டோபர் 2ஆம் நாள்தான். ஆடிப் பதினெட்டு அன்று எங்கள் படித்துறையின் பதினான்கு படிகளும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. கரையில் ஊராட்சியினர் ஒரு குழாய் அமைத்து ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாயவிட்டிருந்தார்கள். பெண்கள் வரிசையில் நின்று குடத்தில் நீர் பிடித்து, அந்தக் குடத்துக்கே மஞ்சள் சரடு கட்டிப் படைத்தார்கள்.

சென்னையில் வளரும் என் பேத்திக்கு அப்போது ஆறு வயது. அந்த விழாவைப் பார்க்க அவள் வந்தது அதுவே முதல் முறை. என் மனைவி ஒன்றும் குறைக்காமல் எல்லாச் சாதமும் செய்திருந்தாள். நாங்கள் படிகளில் இறங்கி, மணலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பேத்திக்கு வருத்தம் எதுவும் இல்லை. மணல் இருந்தது, ஓடினாள், உருண்டாள். நான் ஊற்றுக் கதையை அவளுக்கு முன்பே சொல்லியிருந்தது தவறாகப் போயிற்று. ஒரு கொட்டாங்கச்சியைக் கொண்டுவந்து, "தாத்தா, தோண்டலாம் வாங்க" என்றாள். தோண்டினேன். முழங்கை அளவு போனேன், சூடு. தோள் அளவு போனேன். மணல் முடிந்து களிமண் தட்டியது. இடையில் எத்தனை ஆண்டுகளாக எத்தனை லாரிகள் அந்த ஆற்றில் இறங்கி ஏறின என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மணல் இருந்தால்தானே ஆறு தன் நீரை வைத்துவிட்டுப் போக இடம் இருக்கும்? குழந்தை குனிந்து குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாட்டி கூப்பிட, ஒரு கணம் எழுந்து போனாள். அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். பையில் இருந்த குடிநீர்ப் புட்டியைத் திறந்து, அந்தக் குழியில் கவிழ்த்துவிட்டேன். களிமண் என்பதால் நீர் சட்டென்று வடியவில்லை. திரும்பி வந்தவள், "ஊற்று வந்துவிட்டது" என்று கூவினாள். கொட்டாங்கச்சியால் முகந்து முகந்து கீழே ஊற்றினாள். குடிக்க மட்டும் நான் விடவில்லை. மாணவர்களுக்கு நிலத்தடி நீரைப் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒருவன் செய்யத்தக்க காரியமா அது என்று என் மனைவி வழி நெடுகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஆண்டு நிலைமை முற்றிலும் மாறியது. குடகில் பெருமழை. 2018ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் மேட்டூர் திறந்தது. சில நாள்களிலேயே அணை 120 அடியை எட்டி நிரம்பியது. ஆடிப் பதினெட்டு அன்று கரையில் நிற்க இடம் இல்லை. காவல்துறையினர் கயிறு கட்டி, யாரும் கயிற்றைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணல் எடுத்த பள்ளங்கள் நீருக்கடியில் இருப்பதால், பழக்கமான துறையிலும் இப்போது கால் வைக்க அஞ்ச வேண்டியிருக்கிறது. நீந்தத் தெரிந்தவர்களையும் அவை விழுங்கியிருக்கின்றன. குழந்தைகளின் கையைப் பற்றிக்கொண்டுதான் எல்லோரும் நின்றார்கள். நான் படிகளை எண்ணினேன். பதினொன்று மூழ்கியிருந்தது. தந்தை இருந்திருந்தால் வளையல் கடையையே வாங்கியிருப்பார்.

பேத்தி கொட்டாங்கச்சியை மறக்காமல் கொண்டுவந்திருந்தாள். நெடுநேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த மகிழ்ச்சி இல்லை. போன ஆண்டு உட்கார்ந்த இடம் எங்கே என்று கேட்டாள். சுழல் ஒன்று வட்டமிட்டுக்கொண்டிருந்த இடத்தைக் காட்டினேன். "அப்படியானால் நம் ஊற்று அதற்குக் கீழேதானே இருக்கிறது?" என்றாள். ஆம் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "இத்தனை தண்ணீரும் நாம் தோண்டிய ஊற்றிலிருந்தா வந்தது?" என்றாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் பேத்தியை மேல்படியில் என் அருகே உட்காரவைத்து, முதலில் அந்தக் குடிநீர்ப் புட்டியைப் பற்றிச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை, ஆனால் கொட்டாங்கச்சியை என் பக்கமிருந்து எடுத்துத் தன் மறுபக்கத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு குடகு என்று ஒரு மலைநாடு இருக்கிறது என்று தொடங்கினேன். மேகம் மலைமீது ஏறுவதைக் கையால் காட்டிக்கொண்டிருந்தபோது, தேங்காய்ச்சாதம் தீர்ந்து, எள்ளுச்சாதம் வந்து சேர்ந்தது.